மறதி நோயும் மனைத் துணையும்



மறதி நோய் புகுந்த இல்லத்தில் இருவர் துன்புறுகின்றனர். ஒருவர் நோயாளர். மற்றவர் அவரை அல்லும் பகலும் காத்து நிற்கும் மனைவியோ, கணவரோ, மகளோ, மருமகளோ ஆவர். முன்னவரின் பெயர் வைத்தியசாலைப் பதிவேட்டில் உண்டு. பின்னவரின் பெயர் அங்கே இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021 ஆம் ஆண்டில் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களைப் பராமரிக்கும் உறவினரும் நண்பரும் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரத்தை அப்பணியிற் செலவிடுகின்றனர். அந்நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது.

டிமென்ஷியா என வைத்தியர் கூறும் இந்நோய் முதுமைக்கு இயல்பான மறதியன்று. மூளைக் கலங்கள் சிதைவதால் நினைவும் சிந்தனையும் செயல்திறனும் படிப்படியாகக் குன்றுகின்றன. இதனை முற்றாக நீக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆகவே செய்வதற்கு யாதுமில்லை எனப் பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு சரியன்று என்பதற்கு ஒல்லாந்து நாட்டில் நடந்த ஓர் ஆய்வு சான்று பகர்கின்றது.

நைமேகன் நகரில் மோட் கிராஃப் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் நடத்திய அவ்வாய்வு 2006 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோய் முற்றாத நிலையிலிருந்த 135 முதியோர் அதிற் பங்குபற்றினர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர் 5 வாரங்களில் 10 தடவை சென்றனர். தொழில் என்றது இங்கே உத்தியோகத்தைக் குறிக்காது. உடுத்தல், உண்ணல், தேநீர் தயாரித்தல் முதலிய அன்றாடச் செயல்களையே குறிக்கும். நோயாளருக்கு அச்செயல்களை எளிதாக்கும் வழி காட்டப்பட்டது. பராமரிப்பவருக்கு அவரை நெறிப்படுத்தும் முறை பயிற்றப்பட்டது. 3 மாதங்களின் பின்னரும் இச்சிகிச்சை பெற்றோர் ஏனையோரினும் நன்றாகச் செயலாற்றினர். பராமரிப்பவர்க்கோ, ‘என்னால் இயலும்’ என்னும் உறுதி வளர்ந்திருந்தது.

இது எவ்வாறு கைகூடிற்று? தேநீர் தயாரிப்பதை எடுத்துக்கொள்வோம். எதன்பின் எதைச் செய்வது என்னும் ஒழுங்கே முதலிற் குழம்புகின்றது. பழகிய கைகளுக்கோ அவ்வேலை நெடுநாள் நினைவிருக்கும். கோப்பை, தேயிலை, சீனி ஆகியவற்றை ஒழுங்காக எடுத்து வைத்து, ஒரு வேளையில் ஒரு சிறு சொல் மட்டும் கூறினால், மீதியை அவரே செய்யக்கூடும். அவசரத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால், அவரிடம் எஞ்சிய திறமையும் பயனின்றிப் போகும். நமது பாரமும் பெருகும்.

ஆசிரியராகிய எமக்குக் கேள்வி கேட்பது பழக்கம். ஆனால், ‘நான் யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்’ என நோயாளரைச் சோதிப்பது அவரை நாணச் செய்யுமேயன்றி நினைவைத் தராது. ‘அப்பா, நான் உங்கள் மூத்த மகள் வந்திருக்கிறேன்’ என்று நாமே சொல்லிவிடுவது நன்று.

இதிற் பேராசை கொள்ளலும் ஆகாது. பிரித்தானியாவில் குடும்பத்தவரே வாரம் 3 முறை, அரை மணி நேரம், 25 வாரங்கள் நோயாளருடன் உரையாடியும் விளையாடியும் மூளைக்குப் பயிற்சியளிக்கும் முறை ஆராயப்பட்டு, 2015 ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நினைவாற்றல் மேம்படவில்லை. எனினும், தம்மைப் பராமரிப்பவரோடுள்ள உறவு செழித்ததென நோயாளர் உணர்ந்தனர். மறதி நோய் முதலிற் குலைப்பது அவ்வுறவையன்றோ? அது மீளுமாயின் அப்பேறு சிறிதன்று.

சிகிச்சையாளர் நம் நாட்டில் எல்லா வீடுகளுக்கும் வருவதில்லை. எனினும், தொழில்வழிச் சிகிச்சைக்கு வழியுண்டா என வைத்தியரிடம் வினவலாம். கொழும்பிலுள்ள லங்கா அல்ஸைமர் மன்றத்தையும் நாடலாம். உறவினர்க்கும் ஒரு கடமை உண்டு. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் பணம் அனுப்புகின்றனர், அது வேண்டியதே. ஆனால், பராமரிப்பவள் ஒரு மாலைப் பொழுதேனும் கோயிலுக்குச் சென்றுவரப் பணம் மட்டும் போதாது. அவளிடத்தில் அமர்ந்திருக்க ஓர் ஆளும் வேண்டும்.

அடுத்த முறை அத்தகைய வீட்டுக்குச் செல்லும்போது, ‘ஐயா எப்படி இருக்கிறார்?’ என்று கேட்டபின், ‘பிள்ளை, நீ எப்படி இருக்கிறாய்?’ என்றும் கேளுங்கள். கேட்டபின் இரண்டு மணி நேரம் அங்கே தங்குங்கள்.