பாலைநகரில் ஒரு பகல்

சென்ற டிசம்பர்த் திங்களில் நானும் என் மனைவியும் பத்து வயதுப் பேரனும் இலண்டனில் வாழும் மகளைக் காணப் புறப்பட்டோம். வழியில் துபாய் நகரில் விமானம் மாற வேண்டும். அடுத்த விமானத்திற்குப் பத்து மணி நேரம் இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடம் சொன்ன நான் அன்று மாணவனாக இருந்து ஒரு பாடம் கேட்டேன். அதனையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

விமான நிலைய வாயிலில் என் பழைய மாணவன் ஒருவன் எங்களுக்காகக் காத்திருந்தான். என் மகன் வழியாகச் செய்தி அறிந்து வந்தவன் அவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாதவன். ஒருநாள் வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "நீ எதற்கும் பயன்பட மாட்டாய்" என்று அவனை நான் கடிந்துகொண்டதுண்டு. அவன் அதனை மறந்திருப்பானோ என்னும் ஐயத்தோடுதான் அவன் கையைப் பற்றினேன். கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் கை; காய்த்துப் போயிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு ஓய்வு நாள்.

முதலில் எங்களைக் கடற்கழிக்கு அழைத்துச் சென்றான். பழைய துபாய் அந்தக் கழியின் இரு கரைகளிலும் வளர்ந்த ஊர். 'ஆப்ரா' என்னும் சிறு படகில் ஏறிக் கழியைக் கடந்தோம். "தாத்தா, எண்ணெய் விற்றுத்தானே இவ்வளவு பணம்?" என்று பேரன் கேட்டான். ஆம் என்றேன். "ஐயா, எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே இந்தக் கழியை ஆழப்படுத்திவிட்டார்கள்" என்றான் மாணவன், மிகப் பணிவாக.

அவன் சொன்னது உண்மையே. ஒரு காலத்தில் இந்நகரம் முத்தை நம்பி வாழ்ந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும், ஜப்பானியர் வளர்ப்பு முத்தை உண்டாக்கியதும் அத்தொழிலைச் சாய்த்தன. ஊர் வறுமையுற்றது. கழியிலோ மணல் தூர்ந்து பெரிய கலங்கள் உள்ளே வர இயலாமற் போயிற்று. 1958இல் ஆட்சிக்கு வந்த ஷேக் ராஷித், குவைத்திடம் கடன் பெற்றுக் கழியைத் தூர்வாரச் செய்தார். வணிகம் பெருகிற்று. எண்ணெய் கண்டறியப்பட்டது 1966இல்தான், ஏற்றுமதியானது 1969இல். இன்று அந்நகரின் வருவாயில் எண்ணெயின் பங்கு மிகச் சிறிது. துறைமுகமும் வணிகமும் விமானப் போக்குவரத்துமே அதனைத் தாங்குகின்றன.

படகில் இருந்தபடியே முத்துக் குளித்தவர்களைப் பற்றியும் பேசினோம். மூக்கைக் கவ்வியால் அடைத்து, காலிற் கல்லைப் பிணைத்து ஒருவன் கடலில் இறங்குவான். மற்றொருவன் படகில் நின்று கயிற்றைப் பற்றியிருப்பான். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். சற்று அயர்ந்தால் குளித்தவன் உயிர் போகும். முத்தை அணிந்தவர்கள் அந்தக் கயிறு பிடித்தவனை அறிந்ததில்லை.

பிற்பகலில் புர்ஜ் கலீஃபாவைக் காணச் சென்றோம். 2010ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது. 828 மீட்டர் உயரம். பேரன் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றான். "இது நீங்கள் கட்டியதா மாமா?" என்று கேட்டான். "இல்லை தம்பி, நான் இங்கு வந்தது அதற்குப் பின்னர். அதோ அந்த வெள்ளைக் கட்டடத்தில் வேலை செய்தேன். நான் கட்டிய கம்பிகள் கான்கிரீட்டுக்குள் மறைந்துவிட்டன, இனி யாரும் பார்க்க முடியாது" என்றான். கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். அந்தச் சட்டம் வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே அங்குள்ள வெயிலை நீங்கள் உணரலாம்.

"ஒரு தளத்துக்கு எத்தனை கம்பி வேண்டும்?" என்றான் பேரன். "ஆறு மீட்டர் அகலம், பதினைந்து செண்டிமீட்டருக்கு ஒரு கம்பி என்றால், நாற்பத்தொன்று" என்று மாணவன் உடனே விடை சொன்னான். பேரன் விரல்விட்டு எண்ணி, "நாற்பதுதானே?" என்றான். "இடைவெளி நாற்பது, கம்பி நாற்பத்தொன்று. அந்த ஒன்றை மறந்தால் ஓரத்தில் கம்பி இராது" என்ற அவன், என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "நூறு மீட்டர்ச் சாலையில் பத்து மீட்டருக்கு ஒரு மரம் நட வேண்டும் என்று கணக்குக் கொடுத்தீர்கள் ஐயா. நான் பத்து மரம் என்று எழுதினேன். அன்றுதான் திட்டினீர்கள். பதினொன்று ஏன் என்பதை எனக்குக் கம்பி சொல்லிக் கொடுத்தது."

அவன் மறக்கவில்லை. தவறியவன் அவன் மட்டும் அல்லன். அவனுக்குப் புரியும்படி சொல்லாத நானுந்தான். "அன்று நான் சொன்ன சொல் தவறு, அப்பா" என்றேன். அவன் தலை குனிந்தான். "விடுங்கள் ஐயா, விமானத்துக்கு நேரமாகிறது" என்று என் மனைவியின் பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தான்.

மாணவச் செல்வங்களே, வானளாவும் மாடங்களைக் காணும்போது அவற்றின் உயரத்தை வியந்து பாருங்கள். அதனோடு, அவற்றினுள் மறைந்துள்ள கம்பியைக் கட்டியவர் யார் என்றும் கேளுங்கள். ஒரு தேர்வில் தவறியதால் உங்களுள் எவரும் தம்மைப் பயனற்றவர் என்று எண்ண வேண்டா. பிறரையும் அவ்வாறு சொல்ல வேண்டா. ஓர் ஆசிரியன் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது இதுவே.