ஊர் திரும்பாத திருக்குடும்பங்கள்

(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றால் அவரவர் சொந்த நிலத்துக்குத் திரும்பும் ஆண்டு என்று பழைய ஏற்பாடு நமக்குக் கற்பிக்கிறது. திரும்ப வழியற்றவர்கள் நம் திருமயத்தின் அருகிலேயே, லெணாவிலக்கிலும் தேக்காட்டூரிலும் முகாம்களில் வாழ்கிறார்கள்.

1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 தோட்டத் தமிழரை, அவர்களைக் கேளாமலே, இந்தியாவின் பங்கு என்று எழுதியது. 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு பெற்றிருந்தும் பலர் அக்கரையிலேயே தங்கிவிட்டனர். 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாய் வந்தவர்களுக்கோ இக்கரையிலும் குடியுரிமை இல்லை. 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாலன்றி, பிறப்பால் இந்தியர் அல்லர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை.

எகிப்திலிருந்து ஊர் திரும்பலாமென்று சூசையப்பருக்கு வானதூதர் வந்து சொன்னார். இவர்களுக்கு நாற்பது ஆண்டுகளாய் யார் வந்து சொன்னார்கள்?

சட்டத்தை மாற்றும் வல்லமை நமக்கில்லை. ஆனால் சான்றிதழுக்கு அலைபவருக்கு மனு எழுதித் தரப் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. 'முகாம்காரர்' என்றே அழைத்துவந்த நாம், இனிப் பெயர் சொல்லி அழைப்போம். திருவிழா அசனத்தில் பக்கத்தில் அமர்த்துவோம். அதுவே நம் யூபிலி. இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!