கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ



நம் வீட்டுக்குள் புகுந்த ஆங்கிலச் சொற்களால் விளைந்தது வசதியா, சங்கடமா? இதுதான் தலைப்பு. நான் சங்கடம் அணி. எங்கள் அணியில் முதலில் பேசியவர் மூச்சுவிடாமல் நாற்பது சொல்லை அடுக்கினார். எனக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. ஒரே ஒரு சொல்லோடு வந்திருக்கிறேன். அட்ஜஸ்ட்! (சிரிப்பு)

சொன்னவுடனே சிரிக்கிறீங்க. அதிலும் பெண்கள் பக்கம் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. காரணம் இல்லாமலா இருக்கும்?

எதிரணி அம்மையார் என்ன சொன்னாங்க? "பஸ்ல மூணு பேர் உட்கார்ற சீட்டு. நாலாவது ஆள் வந்து, சார் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இடம் கிடைச்சிடுது. வசதியில்லையா?" அப்படின்னாங்க. வசதிதான் அம்மா, மறுக்கல. ஆனா அந்தச் சீட்டில் என்ன நடக்குது? மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு அங்குலம் நகர்றாங்க. வந்தவரும் பாதி உடம்பைத்தான் வைக்கிறார். நாலு பேருக்கும் நெருக்கடி, நாலு பேருக்கும் இடம். இதே சொல்லை வீட்டுக்குள்ளே கொண்டுவாங்க. மாமனார் நகர மாட்டார். மாமியார் நகர மாட்டாங்க. மாப்பிள்ளை காலை நீட்டிப் படுத்திருப்பார். வந்த பொண்ணைப் பார்த்து, "நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா!" பஸ்ஸிலாவது அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்குவாங்க. இங்கே யார் இறங்கப் போறா? (கைதட்டல்)

தமிழ் வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு சொல்லைப் பார்த்தால் அதனுடைய தாத்தா யார், பாட்டி யார் என்று விசாரிக்காமல் விடமாட்டோம். இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் பக்கத்தில். ஆக, மூலப்பொருள் என்ன? பக்கத்தில் கொண்டுவருவது, சேர்த்துவைப்பது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். லத்தீனில் 'யுஸ்துஸ்' என்று இன்னொரு சொல். நியாயமானது என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்' அந்தக் குடும்பம்தான். ஒலி ஒன்றுபோல இருந்ததால், அட்ஜஸ்டும் அந்த நியாயத்துக்குச் சொந்தம் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். அந்த நினைப்பிலேயே சொல்லுக்குக் கொஞ்சம் நியாய வாடையும் ஏறிவிட்டது. இங்கே வந்து சேர்ந்தபோது பக்கத்தில் வருவதும் போச்சு, நியாயமும் போச்சு!

ஆங்கிலத்தில் எதை அட்ஜஸ்ட் செய்கிறோம் என்று பெரும்பாலும் கூடவே சொல்லிவிடுவார்கள். மூக்குக்கண்ணாடியை, சைக்கிள் பிரேக்கை. ஒரு காலத்தில் நாமும் மொட்டைமாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பினோமே, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று! அப்போது நகர்ந்தது ஆன்டெனா.

மெக்கானிக் ஷெட்டில் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் பார்த்திருப்பீர்கள். அதற்கு இரண்டு தாடை. ஒன்று அசையவே அசையாது. இன்னொன்று, திருகைத் திருப்பத் திருப்ப, முன்னே போகும், பின்னே வரும். பல குடும்பம் எனக்கு அந்த ஸ்பேனராகத்தான் தெரிகிறது. திருகு யார் கையில் என்று மட்டும் கேட்காதீங்க, என் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. (பலத்த சிரிப்பு)

எதிரணியில் வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். வருஷக் கடைசியில் 'அட்ஜஸ்ட்மெண்ட் என்ட்ரி' போடுகிறீர்களே ஐயா, அதை ஒரு கணக்கில் மட்டும் எழுத முடியுமா? முடியாது. மார்ச் மாதச் சம்பளம் பாக்கி நிற்கிறதென்றால் சம்பளக் கணக்கில் பற்று, பாக்கிக் கணக்கில் வரவு. இரண்டு பக்கமும் எழுதினால்தான் கணக்கு நேராகும். அவர் தலையாட்டுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே! இங்கிலாந்தில் 'லாஸ் அட்ஜஸ்டர்' என்றே ஒரு உத்தியோகம். தீப்பிடித்த வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் சார்பில் போய், எவ்வளவு நஷ்டம் என்று அளந்து சொல்கிறவர். நம் வீட்டு அட்ஜஸ்ட்மெண்டில் நஷ்டத்தை அளக்க யார் வந்தார்?

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா இருந்தது? விட்டுக்கொடு என்றோம். விடுவதற்கு உன்னிடம் ஒன்று இருக்கிறது என்பதை அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது. கொடு என்பதால் வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரிகிறது. பொறுத்துக்கொள் என்றோம். வலி இருக்கிறது என்று அதிலேயே ஒப்புதல் இருக்கிறது. எதை விட்டுக்கொடுக்கணும், எத்தனை நாள் பொறுக்கணும் என்று திருப்பிக் கேட்கலாம். பாட்டி காலத்தில் பெண்கள் சுகமாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ என்று சொல்லியே எத்தனையோ பேரைக் கிணற்றடிக்கு அனுப்பின ஊர்தான் இது. ஆனால் அன்றைக்குச் சொன்னவருக்குத் தான் என்ன கேட்கிறோம் என்று தெரிந்திருந்தது. அட்ஜஸ்ட் என்று சொல்கிறவருக்கு அந்தக் கூச்சமும் வேண்டியதில்லை.

இப்படி மூடிமறைக்கிற குணம் இருப்பதால்தான் இந்தச் சொல் எங்கெங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. கேரள அரசு 2017-இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019-இல் கொடுத்த அறிக்கை, 2024 ஆகஸ்டில் வெளியானது. மலையாளத் திரையுலகில் பெண்களிடம் புழங்குகிற இரண்டு சொற்களை அது குறிப்பிடுகிறது. ஒன்று காம்ப்ரமைஸ், இன்னொன்று அட்ஜஸ்ட்மெண்ட். குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி இது, பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொன்னால் குற்றம் என்று தெரிந்துவிடும். அதனால் இந்தச் சொல்!

சினிமாவை விடுங்கள், நம் வீட்டுக்கு வாருங்கள். என் மாணவி ஒருத்தி. எம்.ஏ. முடித்து, பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை வேலை. பெண் பார்க்க வந்தபோது, "வேலைக்குத் தாராளமாப் போகட்டும்" என்றார்கள். கல்யாணமாகிக் குழந்தை உண்டானது. "பிரசவம் வரைக்கும் லீவு போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." பிறந்தது. "குழந்தை நடக்கிற வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." நடந்தது, ஓடியது. அதற்குள் மாமனாருக்கு முடியவில்லை. "அவர் தேறட்டும், அதுவரைக்கும்." ஆறு வருஷம். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். "ஏம்மா, வேலையை விட்டுட்டியா?" என்று கேட்டேன். "நான் விடலை ஐயா. விடச் சொல்லி யாராவது சொல்லியிருந்தா அன்னைக்கே சண்டை போட்டிருப்பேன். அப்படி யாருமே சொல்லலையே!" என்றாள்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். எதிரணித் தலைவர் அவர்களே, அடுத்து நீங்கள்தான் பேசப்போகிறீர்கள். பஸ் சீட்டு வசதியைப் பற்றி நீங்கள் மறுபடியும் சொல்ல வேண்டாம், அதை நானே ஒப்புக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்கு இந்தச் சொல்லால் என்ன வசதி என்று மட்டும் சொல்லுங்கள். கேட்கக் காத்திருக்கிறேன்.