பழைய மரமும் புதிய மெருகும்

கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்னுஞ் சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து ஈழத்துத் தமிழுக்கு வந்தவை. சொற்கள் கடல் கடந்து வந்தனவாயினும், அப்பொருள்களைச் செய்தற்கு வேண்டிய மரம் இந்நாட்டிலேயே இருந்தது. வன்னிக் காட்டின் முதிரையும் கருங்காலியும், வீட்டு வளவிலே நின்ற பலாவும் வேம்பும் தச்சர் கையிலே கதிரையாகவும் கட்டிலாகவும் உருப்பெற்றன. பெட்டகம் என்னும் பெயரோ அவ்வாறு போர்த்துக்கேயத்திலிருந்து வந்ததன்று. சீலையும் நகையும் காணி உறுதியும் வைத்துப் பூட்டப்பட்ட பெட்டகம் இல்லாத பழைய வீடு யாழ்ப்பாணத்திலே அரிது.

இத்தகைய தளபாடங்களை முன்னோரிடமிருந்து பெற்றோ, பழம்பொருட் கடையிலே குறைந்த விலைக்கு வாங்கியோ, வீட்டிலேயே புதுக்கிக்கொள்வோர் பலர். வரவேற்கத்தக்க முயற்சி அது. நல்ல முதிரைப் பலகை இன்று எளிதிற் கிடைப்பதன்று. மெல்ல வளரும் அம்மரத்தை இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 1998ஆம் ஆண்டிலே ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலிற் சேர்த்தது. ஆதலின், பழைய கதிரையொன்றைக் காப்பவர் காட்டிலே நிற்கும் மரமொன்றையுங் காப்பவராவர். ஆயினும், புதுக்குதல் என்பது யாது என்பதை உணராமலே பலர் அவ்வேலையிற் கைவைத்து விடுகின்றனர். அதனால் விளையும் இழப்பு எத்தகையது என்பதை வலிகாமத்துக் குடும்பமொன்றின் அனுபவம் காட்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, அக்குடும்பமும் கையிலே எடுக்கக்கூடியவற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்குச் சென்றது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டிலே கதவுகள் இல்லை, யன்னல்களும் இல்லை. எஞ்சியிருந்தவை இரண்டே பொருள்கள். ஒன்று, கூரையோடுகள் விழுந்து மூடிக்கிடந்த சாய்மனைக் கதிரை. மற்றது, பாரங் காரணமாக எவரும் தூக்கிச் செல்லாத பெட்டகம். இரண்டும் வீட்டுத் தலைவியின் தந்தையார், ஓர் உபாத்தியாயர், பயன்படுத்தியவை.

பல ஆண்டுகள் சென்றபின், மகளின் திருமணத்தை முன்னிட்டு வீடு வெள்ளையடிக்கப்பட்டது. மூத்த மகன் அக்கதிரையையும் புதுக்க விரும்பித் தொழிலகமொன்றிற் கொடுத்தான். அங்கே மின்சார அரத்தாட் பொறியினால் மேற்பரப்பு முழுவதும் தேய்க்கப்பட்டு, மினுங்கும் வார்ணிஷ் பூசப்பட்டது. கறுத்திருந்த கதிரை பொன்மஞ்சளாகத் திரும்பி வந்தது. கண்டவர் யாவரும் பாராட்டினர். தாய் மாத்திரம் அதிலே அமர்ந்து, வலக் கைப்பிடியைப் பலமுறை தடவிப் பார்த்தார். மாலைதோறும் உபாத்தியாயர் மூக்குப்பேணியை வைத்தெடுத்த இடத்திலே ஒரு வட்டக்கறை இருந்தது. அவர் கைபட்டுக் கைப்பிடியின் நுனி சற்றே குழிந்துமிருந்தது.

“தம்பி, ஐயாவின்ர பேணி வட்டம் எங்கே?” என்று அவர் கேட்டார்.

மகனிடம் மறுமொழி இருக்கவில்லை. செய்தவர்மீதுங் குறை சொல்வதற்கில்லை. கேட்டதை அவர்கள் செம்மையாகவே செய்து கொடுத்தனர். எதை விடவேண்டும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பெட்டகத்தையாவது தன் கையாலேயே புதுக்குவதென்று மகன் துணிந்தான். அயலிலே இருந்த முதிய தச்சர் ஒருவரை அணுகினான். அவர் முதலிற் சொன்ன விதி ஒன்றே: எடுத்ததைத் திருப்பி வைக்க முடியுமா என்று ஒவ்வொரு படியிலுங் கேட்டுக்கொள்ள வேண்டும். அழுக்கு நீங்கிய பின்னும் மெருகை எடுக்கலாம். மரத்தைச் சீவியபின் அதனை மீண்டும் ஒட்ட முடியாது. வீட்டிலே தளபாடம் புதுக்குவோர் கொள்ளவேண்டிய ஒழுங்கு முழுவதும் இவ்விதியினுள் அடங்கும்.

முதலாவது, நோக்குதல். பழம்பொருளை வீட்டினுள்ளே சேர்க்குமுன் சில வாரம் விறாந்தையிலே நிறுத்தி, அதன்கீழே வெள்ளைத்தாள் விரித்து வைத்தல் நன்று. தாளிலே புதுத் தூள் விழுமாயின் மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு உயிரோடு இருக்கின்றதென்பது பொருள். மணல்போன்ற சிறு மணிகள் விழுமாயின் அது உலர்மரக் கறையானின் வேலை. துளைகள் மாத்திரம் இருந்து தூள் விழாவிடின் அது பெரும்பாலும் பழைய சேதமே, அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, பொருத்துகள். ஆடுங் கதிரைக்கு இரும்பாணி அறைவது பலரது வழக்கம். அது மரத்தைப் பிளக்கும். ஈரம் பட்டவிடத்து இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்துங் கலந்து, எளிதில் நீங்காத கருங்கறையையும் உண்டாக்கும். கழுந்தைத் துளையிலிருந்து மெல்ல விடுவித்து, பழம்பசையைச் சுரண்டி, புதிதாக வச்சிரம் இட்டுச் சேர்த்தலே முறை. சேர்த்தபின் கயிற்றாற் சுற்றிக் கட்டி, கயிற்றின் நடுவே கோலைச் செருகி முறுக்கி, ஒரு நாள் விட்டுவிடவேண்டும். வச்சிரம் வெந்நீருக்கு இளகுவதாதலின், பிற்காலத்திலே வேறொருவர் அப்பொருத்தைத் திறந்து திருத்தவும் இயலும்.

மூன்றாவது, கழுவுதல். பெட்டகத்தின் கருமை மரத்தின் நிறமென்றே அம்மகன் எண்ணியிருந்தான். சவர்க்கார நீரிலே தோய்த்து நன்றாகப் பிழிந்த துணியாற் சிறிது சிறிதாகத் துடைத்து, உடனேயே உலர்ந்த துணியால் ஒற்றியபோது, துணிதான் கறுத்தது. விளக்குப் புகையும் கையெண்ணெயும் புழுதியும் அங்கே படிந்திருந்தன. எஞ்சியதை டர்பன்டைன் தோய்த்த துணி நீக்கிற்று. பித்தளைப் பூண்களைத் தாயே புளியிட்டு விளக்கினார். புளிச்சாறு மரத்தைக் கறைப்படுத்துமாதலால், கழற்ற முடிந்தவற்றைக் கழற்றியே விளக்கினார்.

நான்காவது, மெருகை அறிதல். மறைவான இடத்திலே ஒரு துளி ஸ்பிரிட் இட்டுச் சிறிது பொறுத்துத் தொட்டால், அரக்கு மெருகு பிசுபிசுக்கும். எண்ணெய் வார்ணிஷ் பெரும்பாலும் அசையாது. அரக்கு மெருகின் சிறப்பு, புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுவதே. ஆகவே அதனை முற்றாக உரிக்க வேண்டியதில்லை. பஞ்சைப் பழைய பருத்தித் துணியிற் சுற்றி, ஸ்பிரிட்டிற் கரைத்த அரக்கிலே தோய்த்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை இடுதல் போதும். மாரியின் ஈரத்திலே அரக்கு வெண்மை பூக்கும். சோளகம் வீசுங் காலத்திலே புழுதி ஒட்டும். மாசி பங்குனியின் காலைப்பொழுது இவ்வேலைக்கு உகந்தது. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியை இங்கே ஒவ்வொரு பூச்சும் மெய்ப்பிக்கும்.

அரத்தாளுக்கு இடமே இல்லையென்பதன்று. மெருகு முற்றாக உதிர்ந்த இடத்திலே, மரத்தின் இழைவழியே, 120ஆம் இலக்கத்திலிருந்து 240ஆம் இலக்கம்வரை படிப்படியாக நுண்ணியதாக்கித் தேய்க்கலாம். இழைக்குக் குறுக்கே விழுங் கீறல் மெருகிட்ட பின்னரே கண்ணுக்குத் தோன்றும். முதிரைத்தூள் சிலருக்குத் தோலிலே அரிப்பை உண்டாக்குவது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளல் வேண்டும். பழைய வர்ணப் பூச்சுகளிலே ஈயம் இருத்தல் கூடும். அவற்றை உலரத் தேய்த்தல் ஆகாது, நனைத்தே நீக்கவேண்டும். குழந்தைகள் அவ்விடத்துக்கு வரலாகாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையிலே எறிந்தால், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றுதலும் உண்டு. அவற்றை விரித்து உலர்த்துக. அன்றேல் நீரில் அமிழ்த்துக.

இனி அலங்காரம். எல்லா மரமும் முதிரையன்று. இழையழகில்லாத மலிந்த பலகையாலான அலுமாரிக்கு நல்ல வர்ணம் பூசுவதே அழகு. தடித்த தாளிலே பூவடிவொன்றை வெட்டி, அதனூடே கரையில் மாத்திரம் வேறு நிறம் தோய்த்தால் அறை முழுவதும் பொலிவுறும். அலங்காரத்துக்கு எல்லையுண்டு என்பதை மாத்தளைப் பகுதியைச் சேர்ந்த ஹப்புவித என்னுங் கிராமத்தின் அரக்கு வேலை உணர்த்தும். அங்குள்ள கைவினைஞர் செம்மை, மஞ்சள், கருமை முதலிய நிறமூட்டிய அரக்கை இழையாக இழுத்து, நகத்தினாற் கிள்ளிக் கோலமிடுவர். கோலத்தைச் சூழ்ந்த வெற்றிடமே கோலத்தை எடுத்துக்காட்டும். அறுந்த பிரம்புப் பின்னலைப் புதிதாகப் பின்னுவித்தலும், தொலைந்த குமிழுக்கு ஒத்த குமிழ் தேடிப் பொருத்துதலும் அலங்காரமே. நல்ல மரத்துக்கு அதற்குமேல் வேண்டியதில்லை.

பெட்டகத்தின் வேலை ஏறக்குறைய இரண்டு மாதம் நடந்தது. இறுதியாக மூடியின் உட்புறத்தைத் துடைக்க முற்பட்டபோது, தூசியின் அடியிலே பென்சில் எழுத்துகள் சில தென்பட்டன. மகன் துணியை வைத்துவிட்டுத் தாயை அழைத்தான். விளக்கைக் கிட்டப் பிடித்து அவர் வாசித்தார். எந்த ஆண்டிலே எத்தனை மூடை நெல் வந்தது, அதில் எத்தனை மூடை எவர் எவர் வீட்டுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது என்னுங் கணக்கு அது. உபாத்தியாயரின் கையெழுத்து சாய்வின்றி நேராக இருந்தது. சில பெயர்களுக்கு எதிரே கடன் தீர்ந்ததற்கு அடையாளமாகக் கோடிடப்பட்டிருந்தது. கோடிடப்படாத பெயர்களும் இருந்தன. அவற்றைத் தாய் வாய்விட்டு வாசிக்கவில்லை.

கதிரை இன்றும் விறாந்தையிலே மினுங்குகின்றது. வீட்டுக்கு வருவோர் அதனையே புகழ்கின்றனர். பெட்டகம் உள்ளறையிலே இருக்கின்றது. அதன் வெளிப்புறத்திலே அடங்கிய ஒளியொன்றுண்டு. மூடியின் உட்புறத்துக்கு மாத்திரம் எந்த மெருகும் இடப்படவில்லை.