குடியை நிறுத்தும் வீட்டில் நாம்



இந்த மண்டபத்தில் ஒன்றாகப் பிரார்த்தனைக்கு நின்ற நாம், வீட்டுக் கவலையை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்த அவளது கணவர், கோயிலில் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்தினார். இரண்டாம் நாள் இரவு கைகள் நடுங்கின, உடல் வியர்த்தது, பிறகு வலிப்பு வந்தது. “ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிந்திவிட்டேன்” என்று பின்னர் எங்களிடம் அழுதாள். அவர் பிழைத்தது கடவுள் செயல்.

அதன்பின் நாம் கேட்டறிந்தவை இவை. குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். மூளை மதுவுக்குப் பழகிவிடுவதால் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் மேற்பார்வையில், டயசிபாம் போன்ற மருந்தோடும் தயமின் விற்றமினோடும் நிறுத்துவதே பாதுகாப்பு. பாதிப்பின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஓடிற்’ வினாக்கொத்து உண்டு. அதில் 10 கேள்விகள். 8 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். நடுக்கம் தீர்வதோடு சிகிச்சை முடிவதில்லை. உளவளத்துணையும் குடும்பத்தின் பொறுமையும் பல மாதங்கள் தேவை. மீண்டும் குடித்துவிட்டால் ஏசாமல் மறுபடி கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோம்.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற இலக்கத்தில் அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

நூறு ஆண்டுகளாக எமது கல்லூரி பெண்களுக்கு மேடையில் பேசக் கற்றுத் தந்தது. இனி தோழியிடமும் மனம்விட்டுப் பேசுவோம்.