தோற்றும் மனங்களை வென்ற டிங் லிரென்



பட்டம் வென்றவரைக் கொண்டாடுவது உலக வழக்கம். ஆனால், பட்டத்தை இழந்த ஒருவரை இத்தனை பேர் நேசிப்பது ஏன்? சீனக் கிராண்ட்மாஸ்டர் டிங் லிரென் பற்றிப் பேச வந்தால் இந்தக் கேள்விதான் முன்னே நிற்கிறது.

கலாசாரப் புரட்சிக் காலத்தில் சீனாவில் அனைத்துலகச் சதுரங்கத்திற்குத் தடை இருந்தது. பின்னர் அங்கு அது தழைக்கத் துணை நின்றவர்களுள் ஒருவர் மலேசியத் தொழிலதிபர் டான் சின் நாம். 1991இல் ஷியே ஜுன் மகளிர் உலக வெற்றியாளரானார். ஆடவர் பட்டம் மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது.

1992இல் வென்சோவ் நகரில் பிறந்த டிங், 16 வயதில் தேசிய வெற்றியாளரானார். சட்டம் படித்துப் பட்டமும் பெற்றார். 2014, 2018 ஆகிய ஒலிம்பியாட் போட்டிகளில் சீனா தங்கம் வெல்லத் தோள் கொடுத்தார். 2017 ஆகஸ்டு முதல் 2018 நவம்பர் வரை தொடர்ந்து 100 ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. அன்றைக்கு அது பெரும் சாதனை.

2022இல் ரஷ்ய வீரர் கர்யாக்கின் தடை செய்யப்பட்டதால், உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில் ஓர் இடம் காலியானது. கொவிட் கட்டுப்பாடுகளால் டிங் போதிய ஆட்டங்கள் ஆடியிருக்கவில்லை. சுமார் ஒரு மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடி அந்த இடத்தைப் பிடித்தார். அதில் இரண்டாம் இடம் பெற்றார். கார்ல்சன் பட்டத்தைத் தற்காக்க விரும்பாமல் விலகியதால் வாய்ப்பு வந்தது. 2023இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியுடன் மோதினார். மூன்று முறை பின்தங்கி மூன்று முறையும் சமன் செய்தார். இறுதியில், விரைவு ஆட்டத்தில் வாகை சூடினார்.

நேயர்களே, பட்டத்திற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. மனச்சோர்வு அவரை வாட்டியது. பல மாதங்கள் போட்டிகளிலிருந்து ஒதுங்கியிருந்தார். உலக வெற்றியாளர் என்ற கௌரவத்திற்காக அதை அவர் மூடி மறைக்கவில்லை. கேட்டவர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

2024 நவம்பரில் அவர் சிங்கப்பூருக்கு வந்தபோது உலகத் தரவரிசையில் இருபதாவது இடத்திற்கும் கீழே இருந்தார். எதிரில் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ். டிங் எளிதில் வீழ்வார் என்றே பலரும் கணித்தனர். அவரோ முதல் ஆட்டத்தையே வென்றார். பதினோராவது ஆட்டத்தில் தோற்று, பன்னிரண்டாவதில் மீண்டெழுந்தார். 14வது ஆட்டத்தின் 55வது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அந்த ஒரு பிழையில் பட்டம் கைமாறியது.

யார் மீதும் அவர் பழி போடவில்லை. முடிவு நியாயமானதே, வருத்தமில்லை என்றார். குகேஷும் அவரை உண்மையான வெற்றியாளர் என்று போற்றினார்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளை எத்தனை 'ஏ' வாங்கினான் என்று கேட்கிறோம். இரவில் தூங்கினானா என்று கேட்கிறோமா? மனம் சோர்ந்திருக்கிறது என்று பிள்ளை சொன்னால், 'எல்லாம் சோம்பல்' என்று அதட்டி விடுகிறோம். உலக வெற்றியாளருக்கே வரும் சோர்வு நம் பிள்ளைக்கு வரக்கூடாதா?

டிங் வென்ற பட்டம் இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. 'எனக்கு முடியவில்லை' என்று சொல்லிவிட்டு மறுநாளும் பலகை முன் அமர்ந்த துணிவு அவரிடமே இருக்கிறது. மக்கள் நேசிப்பது அந்தத் துணிவைத்தான். அதை நம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுப்போம்.