கோழிக்கு நோயில்லை, முட்டையில் கிருமி

கூண்டுகள் அடுக்கடுக்காக நிற்கும் முட்டைக்கோழிப் பண்ணையில், கிருமி தேடி வருபவர் முதலில் கோழியைப் பார்ப்பதில்லை. கூண்டுக்கு அடியில் ஓடும் எச்சப் பட்டையைத்தான் பார்க்கிறார். கையுறை போட்ட கையால் பட்டையின் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எச்சத்தை எடுத்து ஒரே பையில் சேர்க்கிறார். காற்றாடி இறக்கையில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை இன்னொரு பையில் போடுகிறார். தரையில் உமி பரப்பிய கறிக்கோழிக் கொட்டகை என்றால் வேலை இன்னும் எளிது. காலணிக்கு மேல் ஈரமான துணி உறையை மாட்டிக்கொண்டு, கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தால் போதும். ஆயிரக்கணக்கான கோழிகளின் செய்தி அந்த உறையில் ஒட்டிக்கொண்டு வரும்.

கோழியைப் பார்த்தே தெரிந்துகொள்ளக் கூடாதா? முடியாது. மனிதரைக் கட்டிலில் சாய்க்கும் சால்மொனெல்லா, வளர்ந்த கோழியை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. அது நன்றாகத் தீனி தின்னும், தண்ணீர் குடிக்கும், வழக்கம்போல் முட்டையிடும். பண்ணைக்காரர் எத்தனை கவனமானவராக இருந்தாலும் அவர் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாது. அதனால்தான் எச்சத்தையும் தூசியையும் துருவ வேண்டியிருக்கிறது.

பைகள் ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் பொறுமை தேவைப்படுகிறது. எச்சத்தைப் பெப்டோன் கலந்த நீரில் போட்டு, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைக்கிறார்கள். வாடிப்போன கிருமியும் அதில் தேறி எழும். அடுத்து, மற்ற கிருமிகளை அடக்கிச் சால்மொனெல்லாவை மட்டும் வளரவிடும் கரைசல், அது 41.5 டிகிரியில். பிறகுதான் சிவப்பு நிற வளர்ப்புத் தட்டு. மறுநாள் காலை அந்தத் தட்டில் மீன் கண்ணைப் போல நடுவில் கறுத்த புள்ளிகள் தெரிந்தால் ஆய்வாளர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் அப்போதும் தீர்ப்புச் சொல்லிவிட மாட்டார். கறுப்புப் புள்ளி காட்டும் வேறு கிருமிகளும் உண்டு. சால்மொனெல்லாவிலேயே 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. எந்த வகை என்று உறுதியாவதற்குள் பல நாள் ஓடிவிடும்.

அந்த வகைகளில் முட்டைப் பிரியர்கள் பெயர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: சால்மொனெல்லா என்டரிடிடிஸ். எச்சம் பட்டு ஓட்டின்மேல் ஒட்டும் கிருமியைக் கழுவித் துடைத்துக் குறைக்கலாம். இதுவோ கோழியின் சினைப்பையிலும் முட்டைக் குழாயிலும் குடியேறி, ஓடு உருவாகும் முன்பே உள்ளே போய்விடக்கூடியது. வெளியே பளபளவென்று சுத்தமாக இருக்கும் முட்டைக்குள்ளும் அது இருக்கலாம். தாய்க்கோழியிடமிருந்து குஞ்சுக்கும் இறங்கும். பழைய கோழிகளை அகற்றிக் கொட்டகையைக் கழுவிவிட்ட பிறகும், மூலையில் ஒளிந்திருக்கும் சுண்டெலி அதைப் புதிய கோழிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே, எலிப்பொறி வைப்பதும் உணவுப் பாதுகாப்பு வேலைதான்.

சிங்கப்பூரில் இந்தத் தேடலைச் செய்வது சிங்கப்பூர் உணவு அமைப்பு. 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி அது தொடங்கப்பட்டது. அதற்கு முன் மூன்று அமைப்புகளிடம் பிரிந்து கிடந்த உணவுப் பாதுகாப்பு வேலை அன்று ஒரே கூரையின்கீழ் வந்தது. பண்ணையில் கிடைத்த தகவலும் கடைச் சமையலறையில் கிடைத்த தகவலும் ஒரே மேசைக்கு வர வேண்டும் என்பதால், இது வெறும் நிர்வாக மாற்றம் அல்ல.

2021 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் சிலாங்கூரின் ஜெராம் பகுதியிலுள்ள லே ஹோங் பண்ணையின் முட்டையில் என்டரிடிடிஸ் இருப்பது தெரிந்தது. அந்தப் பண்ணையின் முட்டைகளைத் திரும்பப் பெறும்படி உணவு அமைப்பு உத்தரவிட்டது. அதே மாதம், இங்கேயே இருக்கும் சியூஸ் அக்ரிகல்ச்சர் பண்ணையின் முட்டைகளிலும் அதே கிருமி. குறை சரியாகும்வரை விற்பனைக்குத் தடை வந்தது. நாம் உண்ணும் முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்ப் பண்ணைகளில் கிடைப்பது. அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்றை நிறுத்துவது எளிய முடிவல்ல. ஆனாலும் நிறுத்தினார்கள். அப்படிச் செய்ததுதான் சரி. உள்ளூர் முட்டை என்பதற்காகக் கிருமி சலுகை தரப்போவதில்லை.

பலர் உணவு நச்சு என்றதும் சமையற்காரரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. 2018 நவம்பரில், தீபாவளியையொட்டி ஓர் அலுவலகத்துக்கு வந்த பெட்டிச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் வாந்தி பேதியில் விழுந்தார்கள். அதைச் சமைத்து அனுப்பிய, ரிவர் வேலி சாலையில் இருந்த உணவகத்தின் சாப்பாட்டால் மொத்தம் 82 பேர் பாதிக்கப்பட்டார்கள். பண்டிகைச் சாப்பாடு சாப்பிட்ட ஒருவர் வீடு திரும்பாமலே போனார். கண்டுபிடிக்கப்பட்ட கிருமி சால்மொனெல்லா. சமையலறைச் சுத்தத்தில் பெருங்குறைகள் இருந்ததை விசாரணை காட்டியது. சமையலறை கிருமியைப் பெருக்கும், பரப்பும். ஆனால் அது அங்கே தானாகப் பிறப்பதில்லை. ஏதோ ஒரு மூலப்பொருளோடோ ஒருவர் கையோடோதான் உள்ளே நுழைகிறது. அதனால் சமையலறைக் கதவோடு நின்றுவிடும் விசாரணை பாதி விசாரணைதான்.

பண்ணையில் செலவிடும் காசு எங்கே பலன் தரும் என்பதைப் பிரிட்டன் காட்டியிருக்கிறது. 1988 டிசம்பரில், நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மொனெல்லா இருப்பதாக எட்வினா கர்ரி என்ற துணை அமைச்சர் சொல்ல, முட்டை விற்பனை சரிந்தது. அவர் பதவி விலக நேர்ந்தது. பத்தாண்டு கழித்து, 1998-இல், சிங்க முத்திரை முட்டைத் திட்டம் வந்தது. அதில் சேர்ந்த பண்ணைகள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டன. நோயாளிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 2017-இல் அந்நாட்டு உணவுத் தர அமைப்பு, சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும்கூட அரைவேக்காட்டில் உண்ணலாம் என்று அறிவித்தது. காயா ரொட்டியோடு மிளகுத்தூள் தூவிய அரைவேக்காட்டு முட்டையை விரும்பும் ஊருக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? இங்கே அந்த அளவுக்கு உறுதி சொல்லும் காலம் வரும்வரை, கர்ப்பிணிகளும் முதியவர்களும் கரு கெட்டியாகும்வரை வெந்த முட்டையை உண்பதே நல்லது.

கறிக்கோழியின் கதை வேறு. 2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, தேக்கா ஈரச்சந்தையில் கோழி வெட்டித் தருபவர்களிலிருந்து கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் வரை எல்லாரும் கலங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த கோழியில் 34 விழுக்காடு அங்கிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி உயிரோடு எல்லை கடந்து, இங்குள்ள அறுப்புக்கூடங்களில் கறியானது. கறிக்கோழியில் முக்கியமான இன்னொரு எதிரி கேம்பிலோபேக்டர். கோழியின் உடல் வெப்பம் 41, 42 டிகிரி. அந்தக் கிருமிக்கு அதுவே சுகமான சூடு. இரண்டு மூன்று வார வயதில் ஒரு கோழிக்குத் தொற்றினால், சில நாளில் கொட்டகை முழுக்கப் பரவிவிடும். அறுக்கும்போது குடல் கிழிந்தால் கறியெல்லாம் படும்.

நம் வீடுகளில் கோழிக்கறியை மஞ்சள் போட்டுத் தேய்த்து, குழாயடியில் நன்றாக அலசுவோம். சுத்தம் என்று எண்ணித்தான் செய்கிறோம். ஆனால் தெறிக்கும் நீர்த்துளிகள் பக்கத்திலிருக்கும் கொத்தமல்லித் தழையிலும் வெள்ளரித் துண்டுகளிலும் விழுகின்றன. கறி அடுப்பில் வேகும், வெள்ளரி வேகாது. கிருமியைக் கொல்வது மஞ்சளும் அல்ல, குழாய்த் தண்ணீரும் அல்ல. கறியின் நடுப்பகுதி வரை எட்டும் 75 டிகிரி சூடுதான்.

இப்போது தேடலுக்குப் புதிய கருவி ஒன்று வந்திருக்கிறது. ஒரு சால்மொனெல்லாவின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 48 லட்சம் எழுத்துகள். அத்தனையையும் படித்து, மருத்துவமனையில் நோயாளியிடம் கிடைத்ததையும் பண்ணைத் தூசியில் கிடைத்ததையும் வரிக்கு வரி ஒப்பிட முடிகிறது. சில எழுத்துகள் மட்டுமே மாறியிருந்தால் இரண்டும் நெருங்கிய உறவு. நோயாளிகள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்கலாம். ஒருவர் சிராங்கூன் சாலையிலும் மற்றவர் ஜூரோங்கிலும் சாப்பிட்டிருக்கலாம். இருவரையும் தாக்கியது ஒரே பண்ணைக் கிருமிதானா என்பதற்கு அந்த ஒப்பீடு வலுவான தடயம் தரும்.

தடயம் கிடைத்தாலும், வீட்டிலுள்ள முட்டை எந்தப் பண்ணையுடையது என்று தெரிந்தால்தானே திரும்பப் பெற முடியும்? லே ஹோங் முட்டைகளின் ஓட்டில் சிஇஎஸ்008 என்ற குறியீடு அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் அந்த முட்டைகளைப் பிரித்தெடுத்தார்கள். முட்டையை வாங்கி வந்ததும் ஓட்டிலுள்ள எழுத்துகளை ஒருமுறை பாருங்கள். அட்டையில்தான் விவரம் இருக்கிறதென்றால், முட்டை தீரும்வரை அந்த அட்டையை வீசிவிடாதீர்கள்.